படம் போடு, முழுசாப் போடு!

மாணவ நண்பர்களே! செமினாரில் இருபது பாயிண்ட் எழுதிச் சுவரில் ஒட்டுகிறோம். கடைசி பெஞ்சில் இருப்பவன் படிப்பானா? மாட்டான். அதையே ஒரு வரைபடமாகப் போட்டால் நிமிர்ந்து உட்காருவான். எதற்கு எந்தப் படம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

அளவுகளை ஒப்பிடப் பட்டை வரைபடம். காலப்போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டக் கோட்டு வரைபடம். மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்ல வட்ட வரைபடம். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ப்ளேஃபேர் முதல் இரண்டையும் 1786-லும், மூன்றாவதை 1801-லும் அச்சில் கொண்டுவந்தார். இவர் நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். நம்ம ஆள்தான்!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஒரு வருடத்துக் கரண்ட் பில் ஆறையும் கிராஃப் ஷீட்டில் ஆறு பட்டைகளாக வரைந்து காட்டினேன். உயரமான பட்டையில் விரலை வைத்து, "இது ராத்திரி பகலா ஃபேன் ஓடின சித்திரை மாசம்டா" என்றார். பில்லைப் படிக்க முடியாதவர் பட்டையைப் படித்துவிட்டார்.

ஆனால் படம் முழுசாக இருக்க வேண்டும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் குளிரில் இறுகிப்போனதுதான் காரணம். 'இந்தக் குளிரில் ஏவ வேண்டாம்' என்று முதல் நாள் இரவே பொறியாளர்கள் சொன்னார்கள். குளிர்தான் காரணம் என்று பளிச்செனக் காட்டும் படம் அவர்கள் கையில் இல்லை.

வளையம் சேதமான பயணங்களை மட்டும் எடுத்தால், 53 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை பரவலாகச் சேதம் தெரியும். குளிருக்குச் சம்பந்தமில்லை என்றே தோன்றும். பிறகு விசாரணைக் குழு, சேதமாகாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் 20 பயணங்கள், சேதம் மூன்றில்தான். 63 டிகிரியும் அதற்குக் கீழும் நான்கு பயணங்கள், நான்கிலும் சேதம்! அன்று ஏவும்போது காற்றின் வெப்பம் 36 டிகிரி, அதாவது சுமார் 2 டிகிரி செல்சியஸ்தான். எக்ஸ் அச்சில் வெப்பநிலை, ஒய் அச்சில் சேதம் என்று 24 புள்ளி வைத்திருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும்.

இனி நாம் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு படத்துக்கு ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தலைப்பு இருக்கட்டும்.

2. இரண்டு அச்சுக்கும் பெயரும் அலகும் எழுதுங்கள்.

3. பட்டையைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள். 90-லிருந்து தொடங்கினால் 92-ஐவிட 96 மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். அது ஏமாற்று.

4. வட்டத்தை ஐந்து துண்டுக்கு மேல் நறுக்காதீர்கள். செல்போன் திரையில் எழுத்தே தெரியாது.

5. 'ஒன்றும் ஆகவில்லை' என்ற ரீடிங்கும் ரீடிங்தான். விடாதீர்கள்.

நாளை நாம் ஒர்க்‌ஷாப்பிலோ சைட்டிலோ நின்று, 'சார், இது ஆபத்து' என்று சொல்ல வேண்டிய நாள் வரலாம். டிப்ளமோ படித்தவன் பேச்சு மேலே எட்டாமல் போகலாம். ஒரு கிராஃப் ஷீட்டும் பென்சிலும் இருந்தால் எட்ட வைக்கலாம், நண்பர்களே!