வேலைக்கு ஒரு சீட்டு: இஷ்யூ டிராக்கர் ஓர் அறிமுகம்



மூன்றாம் ஆண்டில் நம் எல்லோருக்கும் புராஜெக்ட் உண்டு. நாலு பேர் ஒரு குழு. முதல் வாரம் வேலையைப் பிரித்துக் கொள்கிறோம். நாலாவது வாரம், "லாகின் பக்கத்தை நீதானே செய்யறேன்னு சொன்னே?" "நான் எப்போ சொன்னேன்?" என்ற பேச்சு வந்துவிடுகிறது. இந்தத் தகராறு இல்லாமல் வேலை நடக்க, மென்பொருள் துறையில் பயன்படும் கருவிதான் இஷ்யூ டிராக்கர். அதைப் பற்றிப் படித்ததையும் எங்கள் குழுவில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இஷ்யூ டிராக்கர் என்றால் என்ன?

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி அதிகம். மண்டிக்குக் கொண்டு போனால் பெயர், எத்தனை பெட்டி, என்ன விலை என்று எழுதி ஒரு சீட்டு தருவார்கள். காசு வாங்கப் போகும்போது நாம் பேச வேண்டியதில்லை, சீட்டு பேசும். மென்பொருளிலும் அப்படித்தான். செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும், கண்டுபிடித்த ஒவ்வொரு பிழைக்கும் எண் போட்ட ஒரு சீட்டு. அதுவே இஷ்யூ. எல்லாச் சீட்டையும் குழு முழுவதும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வைப்பதே இஷ்யூ டிராக்கர் ஆகும்.

சிறு வரலாறு

டெபியன் லினக்ஸ் திட்டத்துக்காக இயான் ஜாக்சன் என்பவர் 1994இல் பிழைகளைப் பதிவு செய்யும் முறை ஒன்றை எழுதினார். அதில் சீட்டு எண்கள் இன்று பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. 1998இல் மொஸில்லாவின் பக்ஸில்லாவும், 2002இல் ஜிராவும் வந்தன. 2008இல் தொடங்கிய கிட்ஹப்பில் இந்த வசதி இலவசமாகவே கிடைக்கிறது. நம் தமிழ்நாட்டின் சோகோ நிறுவனமும் பக்டிராக்கர் என்ற மென்பொருளைத் தருகிறது.

நல்ல சீட்டு எழுதுவது எப்படி?

"தேடல் வேலை செய்யலை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எங்கள் குழு செய்யும் மண்டிக் கணக்கு மென்பொருளிலிருந்து ஓர் உதாரணம்:

எண் 14. தலைப்பு: 'கொத்தமல்லி' என்று தேடினால் சில பதிவுகள் வருவதில்லை.
செய்த படிகள்: இரண்டு விதமான கீபோர்டில் அதே சொல்லைப் பதிந்து, பிறகு தேடினேன்.
வர வேண்டியது: 2 பதிவுகள்.
வந்தது: 1 பதிவு.
பொறுப்பு: ஒருவர் பெயர் மட்டும்.
நிலை: திறந்துள்ளது.

காரணத்தை இந்தச் சீட்டை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடித்தோம். யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே குறியாகவும் சேர்க்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேர்க்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைசேஷன் செய்து ஒரே வடிவமாக்கியதும் பிழை தீர்ந்தது. அந்த விளக்கத்தையும் சீட்டிலேயே எழுதி மூடினோம். அடுத்த ஆண்டு யாராவது இதே சிக்கலில் மாட்டினால் விடை அங்கேயே இருக்கும்.

திட்டமிடுவது எப்படி?

1. பெரிய வேலையை இரண்டு மூன்று நாளில் முடியும் சிறு சீட்டுகளாக உடைக்கவும்.
2. ஒரு சீட்டுக்கு ஒருவரே பொறுப்பு. எல்லோரும் பொறுப்பு என்றால் யாரும் பொறுப்பில்லை.
3. ரிவ்யூ தேதியை மைல்ஸ்டோனாக வைத்து, அதற்குள் முடிய வேண்டிய சீட்டுகளை அதில் சேர்க்கவும். எத்தனை சதவீதம் முடிந்தது என்று அதுவே காட்டும்.
4. செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை என மூன்று பத்தி வைத்து வாரம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவும்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

குழுவில் சத்தமாகப் பேசுபவர் செய்த வேலைதான் வெளியே தெரியும். எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒரு மாணவி இருக்கிறார். டிராக்கரைத் திறந்து பார்த்தால் அதிகச் சீட்டுகளை முடித்தவர் அவர்தான். வைவாவில் யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர் வாதாடவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கம்பெனியில் வேலை எப்படி நடக்கும் என்று கேட்க வீட்டில் ஆள் கிடையாது. நம்மில் பலருக்கும் இதே நிலைதான். ஆனால் டெபியன், மொஸில்லா போன்ற திட்டங்களின் சீட்டுகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அனுபவசாலிகள் எப்படிக் கேட்கிறார்கள், எப்படி மறுக்கிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று எல்லாம் திறந்து கிடக்கிறது. தமிழிலும் வழி உண்டு. 2012 முதல் கணியம் இதழை நடத்திவரும் குழுவினரின் கணியம் அறக்கட்டளை, தமிழ்க் கணினிக்குச் செய்ய வேண்டிய பணிகளைக் கிட்ஹப்பில் இஷ்யூக்களாகவே பட்டியலிட்டுள்ளது. பல திட்டங்களில் புதியவர்களுக்கான சீட்டுகளில் 'குட் பர்ஸ்ட் இஷ்யூ' என்ற முத்திரை இருக்கும். அதை எடுத்துச் செய்ய யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த புராஜெக்ட்டில் கோடு எழுதும் முன் முதல் சீட்டை எழுதுங்கள். சொன்ன சொல் காற்றோடு போகலாம்; எண் போட்டு எழுதிய வேலை உங்கள் பெயரோடு நிற்கும்.