சண்டையா, சம்பந்தமா?
(தொட்டி மீன்களின் நடத்தையைப் படிப்பது எப்படி?)



மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். மீன் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிறம், துடுப்பு, அது நிற்கிற இடம் இந்த மூன்றும்தான் நமக்குக் கிடைக்கிற அறிகுறிகள்.

சென்னை கொளத்தூர்ப் பக்கம் பல குடும்பங்களுக்கு வண்ணமீன்தான் சோறு போடுகிறது. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் டிப்ளமோ ஃபீஸும் சிமெண்ட் தொட்டியிலிருந்துதான் வருகிறது. "தம்பி, ரெண்டும் அடிச்சுக்குது, ஒண்ணை மாத்திக் குடு" என்று கடைக்கு வந்து நிற்பவர்கள் உண்டு. விசாரித்தால் பல நேரம் அது சண்டையே அல்ல, முட்டையிடத் தயாராகும் ஜோடி! பிரித்தால் நூற்றுக்கணக்கான குஞ்சு போச்சு. நிஜச் சண்டையை "ஜோடி சேருது" என்று விட்டுவிட்டாலோ, காலையில் ஒரு மீன் செத்து மிதக்கும். இரண்டுமே நஷ்டம்தான்.

ஏன் இந்தக் குழப்பம்?

நிகோ டின்பெர்கன் என்ற விஞ்ஞானி ஸ்டிக்கிள்பேக் என்னும் சிறு மீனை ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அடிப்பக்கம் சிவப்பாகும். அது ஓர் இடத்தைப் பிடித்துக் கூடு கட்டும். மீன் போலவே இல்லாத பொம்மையாக இருந்தாலும் அடிப்பக்கம் சிவப்பாக இருந்தால் ஆண் அதைத் தாக்கியது. வயிறு பருத்த பொம்மையைக் காட்டினால் வளைந்து வளைந்து நடனமாடி அழைத்தது. ஜன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோதுகூடத் தொட்டி மீன்கள் அந்தப் பக்கம் பாய்ந்தனவாம்! 1973ல் டின்பெர்கன், கொன்ராட் லோரன்ஸ், கார்ல் ஃபான் ஃபிரிஷ் மூவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது: கூட்டுக்கு இடம் வேண்டும், இடத்துக்குக் காவல் வேண்டும். ஆகவே முட்டையிடும் காலமும் முரட்டுத்தனமும் சேர்ந்தே வருகின்றன. பள்ளிக்கூடம் போகாத என் அப்பா இதையே, "இடம் பிடிச்சா அடிக்கத்தான் செய்யும்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

1. ஃபைட்டர்

தாய்லாந்துப் பக்கத்து மீன். ஆண், நீர்மட்டத்தில் குமிழி ஊதி நுரைக்கூடு கட்டும். பெண் இல்லாவிட்டாலும் கட்டும். அதனால் கூட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெண்ணைப் பாருங்கள். உடம்பில் மேலிருந்து கீழாக வெளிர்ப் பட்டைகள், பருத்த வயிறு, அதன் அடியில் வெள்ளைப் புள்ளி, தலையைத் தாழ்த்திக் கூட்டை நோக்கி வருதல் இவை சம்மதத்தின் அடையாளம். கோடுகள் தலையிலிருந்து வால் நோக்கிப் படுக்கையாகத் தெரிந்து, துடுப்பை ஒடுக்கி மூலையில் பதுங்கினால் பயம் என்று பொருள். உடனே பிரித்துவிட வேண்டும்.

ஆண், பெண்ணை வளைத்து அணைப்பதும், விழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டுவதும்தான் முட்டையிடல். அது முடிந்ததும் அதே ஆண் பெண்ணைத் துரத்தும். இந்தத் துரத்தல் நிஜம். பெண்ணை எடுத்துவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் குஞ்சு பொரியும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிடலாம்.

2. ஏஞ்சல்

அமேசான் நதிப் பக்கத்து மீன். இதில்தான் அதிகக் குழப்பம். இரண்டும் வாயோடு வாய் கவ்வி இழுக்கும். பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள். இழுத்து முடித்தபின் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டும் அதே இடத்தில் நின்று, ஓர் இலையையோ கல் பலகையையோ வாயால் சுத்தம் செய்து, மற்ற மீன்களைச் சேர்ந்து விரட்டினால் அது ஜோடி. ஒன்று மட்டும் நிறம் கறுத்து, தொட்டி மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் அது சண்டை.

முட்டையிடும் நேரம் நெருங்கும்போது வயிற்றடியில் சிறு குழாய் நீளும். கூர்மையாக, மெலிதாக இருந்தால் ஆண். அகலமாக, மொட்டையாக இருந்தால் பெண். இரண்டு பெண்களே ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு. அப்போது முட்டை முழுவதும் வெளுத்துப் போகும்.

3. கோல்டு ஃபிஷ்

ஆணின் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் ஓரத்திலும் சிறு வெள்ளைப் புள்ளிகள் வரும். அது பருவத்தின் அடையாளம். வெள்ளைப் புள்ளி நோய் என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். நோயென்றால் புள்ளிகள் உடம்பெங்கும் சிதறி இருக்கும், மீன் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும். பருவ ஆண், பெண்ணின் பின்னால் போய் வயிற்றை முட்டும், கடிக்காது. முட்டை செடியில் ஒட்டும். பெற்றவையே அதைத் தின்னும் என்பதால் பெரிய மீன்களை உடனே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

எப்போது கை வைக்க வேண்டும்?

(அ) துரத்தல் மாறி மாறி நடக்கிறதா, ஒருதலையா? ஒருதலையாகத் தொடர்ந்தால் பிரிக்கவும்.
(ஆ) துடுப்பு கிழிந்து, செதில் உதிர்கிறதா? பிரிக்கவும்.
(இ) அடிபடும் மீன் தீனிக்கு வரவில்லையா? பிரிக்கவும்.
(ஈ) இடம் சுத்தம் செய்தல், கூடு, குழாய் இவற்றில் ஒன்று தெரிந்து, மேற்சொன்ன மூன்றும் இல்லையென்றால் தள்ளி நின்று பார்க்கவும்.

பிரிக்க நேர்ந்தால் மீனை வெளியே அள்ளத்தான் வேண்டும் என்பதில்லை. நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சில நாள் ஒன்றையொன்று பார்த்துப் பழகியபின் தடுப்பை எடுத்துச் சோதிக்கலாம்.

லேபில் ரீடிங் எடுக்காமல் ரிசல்ட் எழுதினால் சார் விடுவாரா? மீன் தொட்டிக்கும் அதே சட்டம்தான். வலையை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், பார்த்ததை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மீன் தன் பங்குக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறது.