கேடயத்தில் சின்னம் ஏன் சிதைகிறது?

பள்ளி அறிவியல் கழகத்திற்கு மரக் கேடயம் ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் இருந்த கழகச் சின்னத்தின் படத்தை அப்படியே கடைக்கு அனுப்புகிறோம். திரையில் அழகாக இருந்த சின்னம், மரத்தில் படிக்கட்டு போன்ற விளிம்புகளுடன் வருகிறது. லேசர் சுட்ட மரத்தை அழித்து எழுத முடியாது. தவறு எங்கே?

கணக்கிட்டுப் பார்ப்போம்

கைப்பேசிப் படம், பிக்சல் எனப்படும் சிறு சதுரங்களால் ஆனது. படத்தின் அகலம் 200 பிக்சல். கேடயத்தில் சின்னத்தின் அகலம் 80 மி.மீ. 80 ÷ 200 = 0.4. ஆகவே, ஒவ்வொரு சதுரமும் மரத்தில் 0.4 மி.மீ. அகலம் பெறும். லேசர் கதிர் குவியும் புள்ளியோ ஏறக்குறைய 0.1 மி.மீ. மட்டுமே. கருவி நுட்பமானது, அதனால்தான் படத்தின் குறை மறையாமல் பதிகிறது.

படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் போதுமா? போதாது. சதுரங்கள் கூடுமே தவிர, புதிய விவரம் எதுவும் சேராது.

கோடுகளாக மாற்றுவோம்

வெக்டர் படம் சதுரங்களைச் சேமிப்பதில்லை; கோடு எங்கே தொடங்கி, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்ற கணிதத்தைச் சேமிக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு சீராக இருக்கும். இதில் பயன்படும் 'பெசியே வளைகோடு', 1960களில் ரெனோ கார் நிறுவனத்தில் கார் உடலை வடிவமைக்கப் பயன்படுத்திய பொறியாளர் பியேர் பெசியேயின் பெயரைத் தாங்கியது.

கடைக்கு அனுப்புமுன்

1. இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் சின்னத்தை வெக்டராக வரையுங்கள்.

2. வண்ணங்களைக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். கறுப்பு சுடப்படும், வெள்ளை விடப்படும். அருகருகே உள்ள சிவப்பும் நீலமும் ஒரே கறுப்பாகிவிடும் என்பதால் இடையில் வெள்ளைக் கோடு விடுங்கள்.

3. எழுத்துகளை வெளிவரை வடிவங்களாக மாற்றுங்கள். இல்லையெனில், அந்தத் தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்து மாறிவிடும்.

4. எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் 'க்' மீதுள்ள புள்ளி மறையும். 'ணை'யின் சுழிகள் அடைபடும். எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

5. கண்ணாடி போன்ற அக்ரிலிக்கின் பின்புறத்தில் பொறிப்பதானால், படத்தை இடவலமாகத் திருப்புங்கள்.

கடைசியாக, உண்மையான அளவில் காகிதத்தில் அச்சிட்டுப் பாருங்கள். காகிதத்தில் தெரியாத புள்ளி, மரத்திலும் தெரியாது.

சிந்திக்க: 50 மி.மீ. அகலமுள்ள சின்னத்தில் ஒரு பிக்சல் 0.1 மி.மீ. ஆக இருக்க, படத்தின் அகலம் எத்தனை பிக்சல் வேண்டும்?

(விடை: 500)