பலகையில் நிழற்படம் செதுக்குதல்

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளிற் கதவுக்குப் பூவேலை செய்யும் சி.என்.சி. ரௌட்டர் என்னும் கணினிவழிச் செதுக்குபொறி, நிழற்படத்தையும் மரத்திற் பொறிக்க வல்லது. பூ திருத்தமாக விழும் அதே பொறியில் முகம் மட்டும் மங்கியும் கறுத்தும் வருவதேன்? மறைந்த தந்தையின் படத்தைத் தேக்கிற் செதுக்கக் கொடுத்தவர்க்கு அது சிறு குறையன்று, பலகையும் வீணாகின்றது. பலர் பொறியைப் பழிப்பர். பெரும்பாலும் குற்றம் பொறியினதன்று என்பதே நம் துணிபு.

பொறிக்குச் சாம்பல்நிறம் இல்லை. வெட்டிய இடம், வெட்டாத இடம் என்னும் இரண்டே உண்டு. ஆதலின் படத்தை நெருங்கிய கீற்றுக்களாக்கி, கருமை வேண்டுமிடத்து அகலமாகவும் ஒளி வேண்டுமிடத்து மெல்லிதாகவும் வெட்டுகின்றது. வெட்டிய பள்ளத்திற் கருமை தீட்டியபின் எட்டி நின்று காணுங் கண் இரண்டையும் கலந்து கொள்கின்றது. செய்தித்தாட் படங்களைப் புள்ளிகளால் ஆக்கிய பழைய ஹாப்டோன் முறையின் உட்பொருளும் இதுவே. 1895-ல் கல்கத்தாவில் அச்சுக்கட்டைத் தொழில் தொடங்கிய உபேந்திரகிஷோர் ராய், அம்முறையில் கண்ணாடித் திரையை வைக்குந் தூரத்தைக் கைப்பழக்கத்திற்கு விடாது கணக்கால் அறுதியிட முயன்று, 1897 முதல் லண்டன் பென்ரோஸ் ஆண்டுமலரிற் கட்டுரைகள் வரைந்தார். நாமும் கணக்கையே பற்றுவோம்.

‘வி’ வடிவுள்ள பிட் ஆழ இறங்குந்தோறும் கீற்று விரியும். முனைக்கோணம் 60 பாகையாயின் 1 மி.மீ. ஆழத்திற்கு ஏறக்குறைய 1.15 மி.மீ. அகலம், 90 பாகையாயின் 2 மி.மீ. கீற்றுக்களை 1 மி.மீ. இடைவெளியில் அமைத்தால், வெண்மைக்கும் முழுக் கருமைக்கும் இடையே 60 பாகைப் பிட்டுக்கு உள்ளது 0.87 மி.மீ. ஆழமே. பலகை ஓரிடத்தில் 0.3 மி.மீ. மேடாயின் அங்கே நெற்றி கறுத்துவிடும். அவ்வளவு பள்ளமாயின் கன்னத்தின் மெல்லிய நிழல்கள் மறைந்தொழியும். பூவேலையில் இப்பிழை எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரமுண்ட பலகை வளைவதை நம் தச்சர் நன்கறிவர். ஆகவே உலர்ந்த பலகையை மேசைமேல் இறுக்கி, அப்பொறியாலேயே மேற்பரப்பை மட்டமாக்கி, கழற்றாமலே படத்தைச் செதுக்குதல் வேண்டும்.

குறை நிற்கும் இடமே அதன் காரணத்தைக் காட்டும். ஒருபுறங் கறுத்து மறுபுறம் வெளுத்தால் மட்டம் பிசகியது. படம் முழுதும் ஒருபடியாகக் கறுத்தாலோ வெளுத்தாலோ, பிட்டின் தொடக்க உயரத்தை நோக்குக, 0.1 மி.மீ. தடிப்புள்ள காகிதத்தை வைத்து உயரம் பார்த்துவிட்டு அத்தடிப்பைக் கழிக்க மறந்தாலும் கீற்று மெலியும். எங்கும் ஒரே சாம்பலாக இருப்பின் குறை படத்தினது: கணினியில் ஒளிநிழல் வேற்றுமையை மிகுத்து, பின்னணியை நீக்குக. கீற்றின் ஓரம் பிசிறினால் பிட் மழுங்கியிருக்கலாம். அன்றேல் கீற்று மரத்தின் இழையோடு ஓடி, இடையிலுள்ள மெல்லிய வரம்பைப் பெயர்த்திருக்கலாம். இழைக்கு 45 பாகை சாய்வாகக் கீற்றை ஓட்டின் இது பெரிதுங் குறையும்.

கருமை பூசிய பலகையில் வெட்டிய இடம் வெளுப்பாகத் தோன்றுமாகலின், அங்கே படத்தைக் கணினியில் எதிர்மறையாக மாற்றிக் கொள்ளல் வேண்டும். எவ்வகைப் பலகையாயினும், வெண்மை முதற் கருமை வரை பத்துப் படிகள் கொண்ட சிறு பட்டையொன்றைக் கழிவுத் துண்டில் முதலிற் செதுக்கிப் பார்த்து, பத்தும் வேறுவேறாகத் தெரிந்த பின்னரே தேக்கை மேசையில் ஏற்றுக.