பழைய முகவரி, புதிய முகவரி, ஒரே நிரல்: டூயல் ஸ்டாக் சாக்கெட் எழுத முழுமையான வழிகாட்டி

சாக்கெட் நிரல் பழகும் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: 127.0.0.1க்கு இணைத்து ‘வணக்கம்’ என்று அனுப்பிப் பார்ப்பது. அது ஓடிவிட்டால் வரும் சந்தோஷம் தனி. அதே சர்வரை ::1 என்ற முகவரியில் கூப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்றுதான் பதில் வரும். இரண்டும் நம் கணினியையே குறிப்பவை. முன்னது ஐபிவி4 முகவரி, பின்னது ஐபிவி6. இரண்டிலும் பதில் சொல்லும் ஒரு சர்வரையும், இரண்டிலும் இணையத் தெரிந்த ஒரு கிளையண்டையும் இந்த வார இறுதிக்குள் எழுதிவிடுவோம். சி மொழியில் பாயிண்டர் என்றால் பயமில்லை என்ற அளவு தெரிந்தால் போதும்.

என்ன இது?

ஐபிவி4 முகவரி 32 பிட். 1981இல் வரையறுத்தபோது கிடைத்த சுமார் 430 கோடி முகவரிகள் தாராளமாகத் தெரிந்தன. உலகத்துக்கே பங்கிட்டுக் கொடுக்கும் ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. இரண்டரை மாதத்தில் ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமும் தன் கடைசித் தொகுப்பில் கைவைத்தது. அதன்பின் ரேஷன்தான்.

ஐபிவி6 முகவரி 128 பிட். தட்டுப்பாடு என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒரு சிக்கல்: பழையது மட்டும் தெரிந்த கணினியும் புதியது மட்டும் தெரிந்த கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. அதனால் ஒரே கணினியில் இரண்டையும் ஓடவிடுகிறோம். இதற்குத்தான் டூயல் ஸ்டாக் என்று பெயர்.

நமக்கு ஏன்?

நம் பாக்கெட்டில் இருக்கும் போனே காரணம். இந்தியாவில் மொபைல் டேட்டா பெருமளவு ஐபிவி6இல்தான் ஓடுகிறது; ஜியோ வந்தபிறகு இது வேகம் பிடித்தது. ஆப்பிள் 2016 ஜூன் 1 முதல், ஐபிவி6 மட்டுமே உள்ள நெட்வொர்க்கிலும் ஓடினால்தான் செயலியை ஆப் ஸ்டோரில் சேர்ப்போம் என்று சொல்லிவிட்டது.

எவ்வளவு செலவு?

பழகுவதற்குப் பைசா செலவில்லை. லினக்ஸ் உள்ள ஒரு லேப்டாப், ஜிசிசி கம்பைலர், நெட்கேட். இவ்வளவுதான். ::1 கணினிக்குள்ளேயே இருப்பதால் இணைய இணைப்புகூட வேண்டாம். வெளியே இணைத்துப் பார்க்க ஆசைப்பட்டால் போன் ஹாட்ஸ்பாட் போதும்.

கிளவுடில் ஏற்றும்போதுதான் கணக்கு பார்க்க வேண்டும். அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 3.60 டாலர். பத்து சர்வர் வைத்திருந்தால் முகவரிக்கு மட்டும் 36 டாலர். ஐபிவி6 முகவரிக்கு இந்தக் கட்டணம் இல்லை.

முதல் படி: பழைய பழக்கங்களை விடுவோம்

கல்லூரிப் பாடத்தில் படித்த மூன்று பெயர்களை இன்றோடு மறப்போம்: கெட்-ஹோஸ்ட்-பை-நேம், ஐநெட்-அட்ர், ஐநெட்-என்டோஏ. மூன்றுக்கும் ஐபிவி4 மட்டுமே தெரியும். (ஃபங்ஷன் பெயர்களை ஒலிக்கிறபடி எழுதுகிறேன், மேனுவலில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.)

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே விதிதான். முகவரிக்குள் என்ன இருக்கிறது என்று நம் நிரல் எட்டிப் பார்க்கவே கூடாது. தபால்காரர் உறையைப் பிரிப்பதில்லை. நாமும் அப்படியே வாங்கி அப்படியே கொடுப்போம்.

இரண்டாம் படி: கெட்-அட்ர்-இன்ஃபோ

பெயரையும் போர்ட் எண்ணையும் இதனிடம் கொடுத்தால் அந்தப் பெயருக்கு உள்ள எல்லா முகவரிகளையும் ஒரு லிங்க்டு லிஸ்டாகத் திருப்பித் தரும். கேட்கும்போது குடும்பம் என்ற இடத்தில் ‘ஏஎஃப் அன்ஸ்பெக்’ போடுகிறோம். எந்த வகையானாலும் சரி என்று பொருள். வகை என்ற இடத்தில் ‘சாக் ஸ்ட்ரீம்’. இதை விட்டுவிட்டால் ஒரே முகவரி டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று திரும்பத் திரும்ப வந்து குழப்பும்.

இது தோற்றால் பிழையை எர்னோவில் தேடாதீர்கள். திரும்பி வந்த எண்ணை ‘காய்-ஸ்டர்எரர்’ இடம் கொடுத்தால் அதுவே விளக்கம் சொல்லும். வேலை முடிந்ததும் ‘ஃப்ரீ-அட்ர்-இன்ஃபோ’ கூப்பிட்டு லிஸ்டை விடுவிக்க வேண்டும்.

மூன்றாம் படி: சர்வர்

இங்கேதான் நிதானம் வேண்டும். ‘ஏஐ பாஸிவ்’ கொடியோடு, பெயர் எதுவும் தராமல் கேட்டால் லினக்ஸில் வழக்கமாக இரண்டு முகவரி வரும்: 0.0.0.0 முதலில், :: அடுத்து. முதலில் வந்ததை பைண்ட் செய்துவிட்டு லூப்பை முறித்து வெளியேறுவது எல்லோரும் செய்யும் தவறு. டூயல் ஸ்டாக் எழுதியதாக நினைத்துக்கொண்டு ஐபிவி4 சர்வரை ஓட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரே ஐபிவி6 சாக்கெட்டைத் திறந்து அதிலேயே ஐபிவி4 அழைப்பையும் வாங்குவது. குடும்பத்தை ‘ஏஎஃப் ஐநெட்6’ என்று கேட்டு, சாக்கெட் உருவானதும் ‘ஐபிவி6 வி6ஒன்லி’ என்ற தேர்வை செட்-சாக்-ஆப்ட் மூலம் 0 ஆக்க வேண்டும். பைண்டுக்கு முன்பே ஆக்க வேண்டும். பின்னால் செய்து பலனில்லை. லினக்ஸில் இது வழக்கமாக 0தான், விண்டோஸில் 1. ‘என் கணினியில் ஓடியதே’ என்ற புலம்பல் இங்கிருந்துதான் தொடங்கும். ஆகவே எந்தக் கணினியானாலும் நாமே எழுதிவிடுவோம்.

இன்னொன்று, இரண்டு சாக்கெட் திறந்து இரண்டையும் ‘போல்’ என்ற ஃபங்ஷன் மூலம் கவனிப்பது. அப்போது ஐபிவி6 சாக்கெட்டில் வி6ஒன்லி 1 ஆக இருக்க வேண்டும். மறந்தால் இரண்டாவது பைண்டில் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்’ என்று முகத்தில் அடிக்கும். ஓபன்பிஎஸ்டியில் முதல் வழிக்கே இடமில்லை, இரண்டு சாக்கெட்தான். தொடங்குபவர்கள் லினக்ஸில் முதல் வழியிலேயே போகலாம் என்பது என் கட்சி.

நான்காம் படி: வந்தவர் யார்?

அக்செப்ட் செய்யும்போது வந்தவரின் முகவரியை வாங்க ஓர் இடம் வேண்டும். பழைய ஸ்ட்ரக்சர் 16 பைட், ஐபிவி6க்கு உரியது 28 பைட். சின்ன இடத்தைக் கொடுத்தால் முகவரி பாதியில் அறுபடும். எது வந்தாலும் கொள்ளும்படி ‘சாக்-அட்ர்-ஸ்டோரேஜ்’ என்ற பெரிய ஸ்ட்ரக்சரைக் கொடுத்துவிடுவோம். வந்ததை அச்சிட ‘கெட்-நேம்-இன்ஃபோ’. கூடவே எண்ணாகவே தரச் சொல்லும் கொடி.

இப்போது சர்வரை 8080 போர்ட்டில் ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலில் எஸ்எஸ் கட்டளையால் திறந்திருக்கும் போர்ட்டுகளைப் பார்ப்போம். 0.0.0.0:8080 என்று இருந்தால் பழைய குழியிலேயே கிடக்கிறோம். [::]:8080 என்றால் ஐபிவி6 மட்டும். *:8080 என்று நட்சத்திரம் தெரிந்தால் இரண்டும் திறந்திருக்கிறது.

நெட்கேட்டால் முதலில் ::1க்கு இணைப்போம். சர்வர் ::1 என்றே அச்சிடும். அடுத்து 127.0.0.1க்கு இணைத்தால் ‘::எஃப்எஃப்எஃப்எஃப்:127.0.0.1’ என்று வரும். பிழை ஏதும் இல்லை. ஐபிவி4 விருந்தாளியை ஐபிவி6 சட்டை போட்டு உள்ளே அனுப்பியிருக்கிறது கெர்னல்.

ஐந்தாம் படி: கிளையண்ட்

லிஸ்டை வாங்குவோம். ஒவ்வொரு முகவரிக்கும் சாக்கெட் திறந்து கனெக்ட் செய்வோம், தோற்றால் மூடிவிட்டு அடுத்தது, ஜெயித்தால் நிறுத்துவோம். சாக்கெட்டுக்குத் தேவையான குடும்பம், வகை எல்லாம் லிஸ்டிலேயே இருக்கும். நாம் எதையும் கையால் எழுத வேண்டாம். வரிசையையும் மாற்றாதீர்கள். எதை முதலில் முயல வேண்டும் என்று சிஸ்டம் ஏற்கெனவே யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறது.

முதல் முகவரி உடனே மறுத்தால் நல்லது. பதிலே சொல்லாமல் இருந்தால்? லினக்ஸில் ஒரு கனெக்ட் கைவிட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை யார் காத்திருப்பார்? இதற்கு ‘ஹேப்பி ஐபால்ஸ்’ என்று 2012இல் ஒரு முறை வந்து, 2017இல் திருத்தப்பட்டது. முதல் முயற்சிக்கு 250 மில்லிசெகண்ட் பொறுத்து, பதில் இல்லையென்றால் அடுத்த முகவரிக்கும் இணையாக முயன்று, முந்தி வந்ததை வைத்துக்கொள்வது. முதல் வாரத்தில் இதை நாமே எழுத வேண்டாம். கனெக்டுக்கு ஒரு டைம்அவுட் வைத்தால் போதும்.

பைத்தான்காரர்களுக்குச் சுருக்கு வழி உண்டு. பைத்தான் 3.8 முதல் சாக்கெட் மாட்யூலில் ‘கிரியேட் சர்வர்’ இருக்கிறது; அதில் குடும்பத்தை ‘ஏஎஃப் ஐநெட்6’ என்று கொடுத்து ‘டூயல்ஸ்டாக் ஐபிவி6’ என்பதை ட்ரூ ஆக்கினால் மூன்றாம் படி ஒரே வரியில் முடியும். ‘கிரியேட் கனெக்ஷன்’ கிளையண்டின் லூப்பைத் தானே ஓட்டிவிடும்.

ஜாக்கிரதை

முதலில் டேட்டாபேஸ் நெடுவரிசை. நான் ஒருமுறை வருகைப் பதிவு டேபிளில் முகவரிக்கு 15 எழுத்து ஒதுக்கியிருந்தேன். ஐபிவி4க்கு அது சரி. சர்வரை டூயல் ஸ்டாக் ஆக்கிய அன்று பிழை எதுவும் வரவில்லை, டேபிள் சத்தமில்லாமல் முகவரிகளை வெட்டிச் சேமித்தது. பதினோரு நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஐபிவி6 எழுத்து வடிவம் 45 எழுத்து வரை போகும். சி மொழியில் முடிவுக்குறியோடு 46.

தடைப்பட்டியல் வைத்திருக்கிறீர்களா? சட்டை போட்டு வந்த ஐபிவி4 முகவரி அந்தப் பட்டியலோடு பொருந்தாது, தடுத்தவர் ஜம்மென்று உள்ளே வருவார். நான்கு எஃப் முன்னொட்டைக் கழற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

முகவரியோடு போர்ட் எழுதும்போது அடைப்புக்குறி கட்டாயம்: [::1]:8080. கடைசி முக்காற்புள்ளியில் வெட்டிப் பிரித்தால் போதும் என்று எழுதிய பழைய நிரல், போர்ட் தராத ஐபிவி6 முகவரியின் வாலையே போர்ட் என்று எடுத்துக்கொள்ளும்.

ஃபயர்வால் கடைசி. ஐபிடேபிள்ஸ் விதிகள் ஐபிவி4க்கு மட்டும்தான். ஐபிவி6க்கு ஐபி6டேபிள்ஸ் என்று தனியே இருக்கிறது. பழைய பக்கத்தில் பூட்டிய போர்ட் புதிய பக்கத்தில் திறந்தே கிடக்கலாம். சர்வரை வெளியுலகத்துக்குக் காட்டும் முன் வேறு ஒரு கணினியிலிருந்து நெட்கேட்டை -4 போட்டு ஒருமுறையும் -6 போட்டு ஒருமுறையும் ஓட்டிவிடுங்கள்.