20.1 சதவீதம்: எதற்கு மேல்?

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஒரு செய்தி கொட்டை எழுத்தில் வெளிவந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் முடிய, நம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20.1 சதவீதம் வளர்ந்தது என்பதே அது. எண்ணில் பிழை இல்லை. ஆனால் எதனோடு ஒப்பிட்டு 20.1 என்று கேட்க வேண்டாமா?

எங்கள் பௌதிக ஆய்வுக்கூடத்தில் அலகு எழுதாத விடைக்கு மதிப்பெண் கிடையாது. சதவீதத்திற்கு அலகு இல்லை. எந்தக் காலத்தை நூறாக வைத்தோம் என்பதே அதற்கு அலகு போன்றது. இங்கே ஒரு காலாண்டை முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிடுகிறார்கள். அறுவடையும் பண்டிகையும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே பருவத்தில் வருவதால் இது நல்ல முறையே. ஆனால் 2020 ஏப்ரல்–ஜூன் எத்தகைய காலம்? ஊரடங்கினால் கடைகள் அடைபட்டு, ரயில்கள் நின்று, கூலித் தொழிலாளர் கால்நடையாகவே ஊர் திரும்பிய காலம். உற்பத்தி அப்போது 24.4 சதவீதம் சரிந்திருந்தது.

“24.4 போய் 20.1 வந்துவிட்டது, பாக்கி 4.3 தானே?” என்று விடுதி நண்பர் ஒருவர் வாதாடினார். இரு வேறு படிகளால் அளந்த நெல்லை ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கலாமா? கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2019இல் 100 எனக் கொண்டால், 2020இல் 75.6. இந்த 75.6க்கு மேல்தான் 20.1 சதவீதம். ஆகவே 2021இல் கிடைப்பது 90.8. அன்று வெளியான கணக்கை ரூபாயில் சொன்னால், 2011–12 விலைகளின்படி, 35.66 லட்சம் கோடி 26.95 ஆகி, பின்பு 32.38 லட்சம் கோடி ஆயிற்று. பாக்கி 4.3 அன்று, 9.2. வேலையிழந்து ஊர் போனவர்களில் எத்தனை பேருக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்தது என்பதை இந்த எண்களில் எதுவும் சொல்லாது. அது தனிக் கணக்கு.

அயல்நாட்டு எண்களில் குழப்பம் இன்னும் அதிகம். 2020இன் அதே மூன்று மாதங்களில் தன் உற்பத்தி 31.4 சதவீதம் வீழ்ந்ததாக அமெரிக்க அரசு செப்டம்பரில் கணித்தது. நம்மைவிட அவர்களுக்கே பெரிய அடி என்று தோன்றும். அவர்கள் முறையோ வேறு. பருவ மாறுதல்களை நீக்கிவிட்டு, முந்திய காலாண்டோடு ஒப்பிட்டு, அதே வேகம் ஓராண்டு நீடித்தால் எவ்வளவாகும் என்று சொல்வார்கள். அம்மூன்று மாதங்களில் மெய்யாகக் குறைந்தது ஏறத்தாழ 9 சதவீதம். நூறு 91 ஆயிற்று. 0.91ஐ நான்கு தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்குங்கள், 0.686 வரும். நூறுக்கு 31.4 குறைவு! அடுத்த காலாண்டிலேயே அங்கு உற்பத்தி மீண்டதால், அந்த 31.4 எந்த ஆண்டிலும் நிகழவில்லை.