விடையோடு வழியையும் வைப்போம்

தமிழ்ச் சொற்களைக் கணிப்பொறியால் எண்ணி ஆராயும் ஆர்வம் நம் மாணவரிடையே பெருகி வருகிறது. விடுதி அறையில் இருந்தபடியே ஒரு நூலின் சொற்களை எண்ணி, வரைபடம் தீட்டி, இணையத்தில் வெளியிடுகிறோம். மகிழத்தக்க செய்தியே. ஆயினும் பெரும்பாலும் நாம் வெளியிடுவது விடையை மட்டும்; விடைக்கு வந்த வழியை அன்று. வழி தெரியாத விடையால் பிறர்க்கு என்ன பயன்? புள்ளியியல் பயிலும் மாணவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

'தமிழ்' என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? 3 என்று சிறு பிள்ளையும் சொல்லும். கணிப்பொறியோ 5 என்கிறது. யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியெண்கள் உள்ளன. அவற்றையே யூ.டி.எஃப்-8 வடிவில் சேமித்தால் 15 பைட்டுகள் ஆகின்றன. எதை எண்ணினோம் என்று குறிக்காவிட்டால், படிப்பவர் எதைக் கொள்வார்?

இன்னொன்று காண்போம். 'கொடி' என்பதில் ககரத்தின் இருபுறமும் நிற்கும் கொம்பும் காலும் ஒரே குறியெண்ணாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு இரு வேறு சொற்கள். இவற்றை ஒன்றாக்க என்.எஃப்.சி. என்னும் சீராக்கும் முறை உண்டு. ஆனால் 'வௌவால்' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் இட்டு ஒருவர் தட்டச்சு செய்திருந்தால், அம்முறை உதவாது. கொம்புடைய எழுத்தை அடுத்து ளகரம் வரும் இடத்தையெல்லாம் மாற்றினாலோ 'தெளிவு' கெட்டுவிடும்! ளகரத்தின் மேல் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லையென உறுதிசெய்த பின்னரே மாற்ற வேண்டும்.

இத்தகைய முடிவு ஒவ்வொன்றும் எண்ணிக்கையை மாற்றும். ஆதலின் நான்கு செய்திகளைச் சேர்த்தே வெளியிட வேண்டும்.

முதலாவது, மூலம். எந்த நூல், எந்தப் பதிப்பு, எங்கிருந்து எடுத்தது என எழுதுக. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்கள் பலவற்றை இலவசமாகத் தருகிறது. அண்மைக்கால நூலாயின், ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் இந்தியாவில் பதிப்புரிமை நீடிப்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மூலத்தில் செய்த திருத்தங்கள், காரணத்துடன்.

மூன்றாவது, நிரலும், அதற்குத் துணையான தொகுப்புகளின் பதிப்பெண்களும்.

நான்காவது, உரிமம். உரிமம் குறிக்காமல் கிட்ஹப் தளத்தில் வைத்த நிரலை எவரும் காணலாம். தம் பணிக்கு எடுத்தாள உரிமை பெறார். எம்.ஐ.டி. உரிமத்துடன் வெளிவந்த 'ஓப்பன்-தமிழ்' தொகுப்பு, தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துத் தருகிறது. அதனை ஆக்கியோர் தம்மிடமே வைத்துக்கொண்டிருந்தால், அவ்வேலையை நாம் ஒவ்வொருவரும் தனித்தனியே செய்திருக்க வேண்டும்.

நண்பர்களே, ஊரை விட்டு வந்த நாம் இங்கே இருப்பது ஈராண்டுதான். பட்டம் பெற்றதும் ஆளுக்கொரு திசை செல்வோம். அடுத்து வரும் தமிழ் மாணவர் 'வௌவால்' சிக்கலை மீண்டும் முதலிலிருந்தா அவிழ்ப்பது? உங்கள் வேலையை வெளியிடுமுன் அறை நண்பரிடம் கொடுங்கள். உங்களை ஒன்றும் கேளாமலே அவருக்கும் அதே விடை வந்தால், அது வெளியிடத் தகுந்தது.